பச்சை எடையா, உலர் எடையா: ஒரு கட்டுரை இதழுக்குப் போன கதை

பெங்களூரில் ஓர் ஆய்வு மாணவியின் கட்டுரை, முதல் வரைவிலிருந்து இதழ் ஏற்றுக்கொண்டது வரை வந்த வழியை இங்கே பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்ட மூவரும் எழுதச் சம்மதித்தார்கள். பெயர், நிறுவனம், ஏரி, இதழ் எதுவும் வரக்கூடாது என்றார்கள். நான் இதில் வெளியாள். வேதியியல் பகுப்பாய்வில் வேலை பார்த்தவன் என்பதால் வரைவைப் படித்துச் சொல்லும்படி கேட்டார்கள், அப்படி உள்ளே வந்தேன். நான் பார்த்ததும் அவர்கள் காட்டியதும் மட்டுமே இதில் இருக்கின்றன. கீரையில் அளந்த உலோக அளவுகளை இங்கே தரவில்லை. அவை கட்டுரையில் இருக்கின்றன. இங்கே பேச்சு கட்டுரை தயாரானதைப் பற்றி.

பின்னணி

மாணவி தர்மபுரிக்காரர். நெறியாளர் அல்சூரில் வளர்ந்த தமிழர். ஆய்வக உதவியாளர் கோலார் தங்கவயலில் பிறந்தவர். சுரங்கம் 2001-இல் மூடப்பட்ட பிறகு தினமும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறவர்களில் ஒருவர். மூவரும் ஆய்வகத்தில் பேசிக்கொள்வது தமிழில். கட்டுரை மட்டும் ஆங்கிலத்தில். இந்த ஒரு விஷயம் பின்னால் பெரிதாக வரும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

ஆய்வு எளிமையானது. கழிவுநீர் கலக்கும் ஏரி ஒன்றின் ஓரத்தில் விளையும் கீரையில் ஈயமும் காட்மியமும் எவ்வளவு இருக்கின்றன? தண்டு சொப்பு, ஹரிவே சொப்பு என்று சந்தையில் கட்டுக் கட்டாக விற்கிறார்களே, அந்தக் கீரைகள்தான். 2024-இல் மூன்று சுற்றாக 42 கட்டு வாங்கி, கழுவி, உலர்த்தி, பொடித்து, அமிலத்தில் கரைத்து, கருவியில் அளந்திருந்தார்கள். அந்த ஆண்டே ஒரு மாநாட்டில் சுருக்கமும் வாசித்தாயிற்று. அதன் தலைப்பில் ‘அனுமதிக்கப்பட்ட வரம்பைப் பல மடங்கு மீறும்’ என்ற தொடர் இருந்தது.

2025 பிப்ரவரியில் வரைவு என் கைக்கு வந்தது. அவசரமும் கூடவே வந்தது. உதவித்தொகை முடிய எட்டு மாதம்தான் இருந்தது. ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற நிபந்தனையைப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 நவம்பர் விதிகளிலேயே எடுத்துவிட்டது. ஆனால் மாணவியின் நிறுவனம் தன் அளவில் அதை விடவில்லை. ஒரு கட்டுரையாவது ஏற்கப்பட்டிருக்க வேண்டும்.

ஏழு நாள் கடிதம்

வரைவோடு ஒரு மின்னஞ்சலையும் மாணவி அனுப்பியிருந்தார். ‘மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு’ என்று தொடங்கி, ஏழு நாளில் ஏற்பு, கட்டணம் சில ஆயிரம் ரூபாய், யுஜிசி-கேர் பட்டியலில் (யுஜிசி ஏற்ற இதழ்களின் பட்டியல்) உள்ள இதழ் என்று முடிந்தது. “என்னைப் பேராசிரியர்னு கூப்பிட்டதே இவங்க மட்டும்தான் சார்” என்று சிரித்தார். ஆனாலும் கேட்டார்: “அனுப்பிடலாமா?”

சிரித்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை அது. கடிதத்தில் இருந்த இதழின் பெயர் உண்மையானது, இதழ்களின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என் எண்ணும் சரி. இணையதளம் மட்டும் வேறு. அசல் இதழை ஓர் அறிவியல் சங்கம் ஆண்டுக்கு நான்கு முறை வெளியிடுகிறது. இந்தத் தளத்திலோ ஒரே மாதத்தில் நூற்றுக்கணக்கான கட்டுரைகள். யோகா பக்கத்திலேயே பாலக் கட்டுமானம், அதற்கடுத்து சமஸ்கிருத இலக்கணம். அசல் இதழின் பெயரையும் எண்ணையும் திருடி நடத்தும் போலி. ஐஎஸ்எஸ்என் பதிவேட்டில் எண்ணைப் போட்டுப் பார்த்தபோது அங்கே காட்டிய பதிப்பாளர் வேறு, இங்கே பணம் கேட்பவர் வேறு. பார்க்க ஐந்து நிமிடம் ஆனது.

பட்டியலை மட்டும் நம்புவதற்கும் வழியில்லை. 2019-இல் வந்த யுஜிசி-கேர் பட்டியலே 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. இனி எது நல்ல இதழ் என்பதை அந்தந்த நிறுவனம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே எடுத்த முடிவு: கட்டுரையில் மேற்கோள் காட்டிய ஆய்வுகள் எந்தெந்த இதழ்களில் வந்தனவோ, அவற்றிலிருந்தே ஒரு சிறு பட்டியல். அதிலும் ஆசிரியரிடம் கட்டணம் கேட்காத, சந்தாவில் நடக்கும் இதழ்கள் முதலில். மாணவிக்கு இது தாமதமாகப் பட்டது. நெறியாளர் ஒரே வார்த்தையில் முடித்தார்: “போலியில போட்டா, நாளைக்கு வேலை நேர்காணல்ல அதை மறைக்கவும் முடியாது, காட்டவும் முடியாதும்மா.”

வரைவில் கண்ணில் பட்டவை

முதலில் எண்ணிக்கை. சுருக்கத்தில் 42 மாதிரி, செய்முறையில் 40, அட்டவணையைக் கூட்டினால் 41. எதுவும் மோசடி இல்லை. 42 வாங்கியது, ஒன்று அமிலத்தில் கரைக்கும்போது கலனின் மூடி கசிந்து வீணானது, 40 என்பது மாநாட்டுச் சுருக்கத்தில் ‘சுமார் 40’ என்று எழுதியது அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தது. கசிந்த மாதிரியைப் பற்றி வரைவில் ஒரு வரிகூட இல்லை.

அப்புறம் மொழி. ஆங்கிலத்தைச் சீராக்க மாணவி ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தியிருந்தார். தப்பில்லை, பெரும்பாலான இதழ்கள் சொல்லிவிட்டுச் செய்ய அனுமதிக்கின்றன. கருவியை ஆசிரியராகச் சேர்க்கமுடியாது, எழுதியதற்கு முழுப் பொறுப்பும் மனிதர்களுடையது என்று ஆய்விதழ்களின் நெறிமுறைகளைக் கவனிக்கும் கோப் அமைப்பும் 2023-இலேயே சொல்லிவிட்டது. சிக்கல் வேறு இடத்தில். சில மாதிரிகளில் காட்மியம் ‘கண்டறியும் எல்லைக்குக் கீழே’ என்று மாணவி எழுதியதைக் கருவி ‘காட்மியம் அற்றவை’ என்று மெருகேற்றியிருந்தது. படிக்க அழகாக இருக்கிறது, பொருள் மாறிவிட்டது. உலோகம் அளக்கும் கருவியால் பார்க்க முடியாத அளவு வேறு, இல்லாமல் இருப்பது வேறு. மேற்கோள் பட்டியலையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். இரண்டு கட்டுரைகள் உலகத்திலேயே இல்லை. ஒன்று இருந்தது, ஆனால் சொன்னதற்கு நேர்மாறாகச் சொல்லியிருந்தது.

கட்டுரையோடு போகவேண்டிய கடிதத்தில் ‘பெங்களூரில் இதுவே முதல் ஆய்வு’ என்று இருந்தது. பெள்ளந்தூர் ஏரியைச் சுற்றிய மண்ணிலும் பயிரிலும் உள்ள உலோகங்களைப் பற்றி 2006-இலேயே கரன்ட் சயின்ஸில் கட்டுரை வந்திருக்கிறது, அதுவும் பெங்களூரிலிருந்து வெளிவரும் இதழ். அந்த வரியை அடித்தோம்.

எடைக் கணக்கு

இதையெல்லாம் ஒரு வாரத்தில் திருத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் அட்டவணையில் கை நின்றது.

அட்டவணையின் இடப்பக்கம் அளந்த ஈயம், ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று. வலப்பக்கம் வரம்பு: பன்னாட்டு உணவுத் தரமான கோடெக்ஸ்படி இலைக் காய்கறியில் ஈயம் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம், காட்மியம் 0.2. இரண்டு பக்கமும் ஒரே அலகு. ஏறக்குறைய எல்லா மாதிரியும் வரம்பைத் தாண்டியிருந்தன. அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘உலர் எடை அடிப்படையில்’ என்று இருந்தது.

கோடெக்ஸ் வரம்பு உலர்த்திய பொடிக்கு இல்லை. கடையில் விற்கும் நிலையில் உள்ள கீரைக்கு, அதாவது பச்சை எடைக்கு. கீரையில் பெரும்பகுதி தண்ணீர். 100 கிராம் கீரையை உலர்த்தினால் 10 முதல் 15 கிராம் மிஞ்சும். உலோகம் தண்ணீரோடு ஆவியாவதில்லை, அந்தப் பொடியிலேயே தங்கிவிடுகிறது. உதாரணத்துக்கு, உலர் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் ஈயம் என்று வைத்துக்கொள்வோம். வரம்பின் பக்கத்தில் வைத்தால் ஆறேழு மடங்கு மீறல். 100 கிராமுக்கு 12 கிராம் பொடி என்றால், பச்சை எடையில் அது 0.24. வரம்புக்குள்.

நான் இதைத் தொலைபேசியில் சொன்னபோது மறுமுனையில் வெகுநேரம் சத்தமில்லை. பிறகு, “அப்போ தலைப்பே பொய்யா சார்?” என்றார்.

எப்படி நேர்ந்தது என்று யோசித்தால், மாணவியின் கவனக்குறைவு என்று முடித்துவிட முடியவில்லை. மண், செடி ஆய்வுகளில் உலர் எடைதான் வழக்கம். ஈரம் நாளுக்கு நாள் மாறும், உலர் எடை மாறாது. கருவியைச் சரிபார்க்கப் பயன்படும் சான்றளித்த இலைப் பொடியின் சான்றிதழிலும் அளவுகள் உலர் எடையில்தான். உணவுத் தரம் எழுதுகிறவர்கள் தட்டில் விழுவதைப் பார்க்கிறார்கள், அதனால் பச்சை எடை. மாணவி செடி ஆய்விலிருந்து ஒரு காலையும் உணவுத் தரத்திலிருந்து ஒரு காலையும் எடுத்து வைத்துவிட்டார். நெறியாளர் பார்த்தார், மாநாட்டில் கேட்டவர்களும் பார்த்தார்கள். அலகு ஒன்றாக இருந்ததால் யாருக்கும் உறுத்தவில்லை.

இப்போது கேள்வி, பச்சை எடைக்கு மாற்ற முடியுமா? ஒவ்வொரு கட்டையும் உலர்த்தும் முன் எடை போட்டிருந்தால் முடியும். மாணவிக்கு நினைவில்லை. செய்முறைப் பகுதியிலும் இல்லை.

பதில் ஆய்வக உதவியாளரின் நோட்டில் இருந்தது. நீல அட்டை போட்ட நீள நோட்டு; ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, கட்டு எண், கிண்ணத்தின் எடை, ‘பச்சை’, ‘காஞ்சது’ என்று தமிழில் பத்திகள். யாரும் கேட்காமலே எழுதிவந்திருக்கிறார். ஏன் எழுதினீர்கள் என்றதற்கு, “ஓவன்ல வைக்கறதுக்கு முன்னாடி எடை போடாம எப்படிங்க சார் வைக்கறது?” என்று என்னைத் திருப்பிக் கேட்டார். முதல் சுற்றில் மட்டும் ஆறு கட்டுகளுக்குப் ‘பச்சை’ பத்தி காலி. அந்த வாரம் அவர் மகள் கல்யாணத்துக்கு விடுப்பில் இருந்தார். மாணவி நேராக உலர்த்தியிருந்தார்.

அந்த ஆறை என்ன செய்வது என்பதில் கொஞ்சம் வாக்குவாதம். மற்ற கட்டுகளின் சராசரி ஈரத்தைப் போட்டுக் கணக்கிடலாம் என்றார் மாணவி. நூல்களில் உள்ள ஈர அளவைப் போடலாம் என்றும் ஒரு யோசனை. நெறியாளர் இரண்டையும் ஏற்கவில்லை. கீரை காலையில் பறித்ததா, சந்தையில் தண்ணீர் தெளித்து வைத்ததா என்பதைப் பொறுத்தே ஈரம் மாறும் என்றார். முடிவு: அளந்த 41 மாதிரிகளின் உலர் எடை அளவுகளும் அட்டவணையில் இருக்கும். வரம்போடு ஒப்பிடுவது, பச்சை எடை கையில் உள்ள 35 மாதிரிகளை மட்டும். ஆறு ஏன் விடுபட்டன என்பது ஒரு வாக்கியத்தில்.

திருத்திய கணக்கில் பெரும்பாலான மாதிரிகள் வரம்புக்குள் வந்தன. சில ஈயத்தில் தாண்டின. ‘பல மடங்கு’ தலைப்பு போனது. ஏரியோரத்தில் கீரை போடும் குடும்பங்களின் பிழைப்பு அந்தத் தலைப்போடு தொங்கிக்கொண்டிருந்தது என்பதை நெறியாளர்தான் முதலில் சொன்னார். எனக்கு அது தோன்றவே இல்லை, நான் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

யார் பெயர் எங்கே

வரைவில் மூன்று ஆசிரியர்கள்: மாணவி, நெறியாளர், துறைத் தலைவர். நன்றியுரையில் ஆய்வக உதவியாளர் பெயர்கூட இல்லை, ‘ஆய்வகப் பணியாளர்கள்’ என்று மொத்தமாக.

மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு, ஐசிஎம்ஜேஇ, வகுத்த நான்கு நிபந்தனைகளை மற்ற துறைகளும் எடுத்துக்கொள்கின்றன. ஆய்வின் வடிவமைப்பிலோ தரவு சேகரிப்பிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு. எழுதுவதில் அல்லது திருத்துவதில் அறிவார்ந்த பங்கு. இறுதி வடிவத்துக்கு ஒப்புதல். முழுமைக்கும் பொறுப்பேற்கச் சம்மதம். நான்கும் வேண்டும். முதல் நிபந்தனையை நிறைவேற்றியவருக்கு மற்ற மூன்றுக்கும் வாய்ப்புத் தரவேண்டும் என்பதும் அதே வழிகாட்டுதலில் உண்டு. இதைப் பலர் படிப்பதில்லை.

துறைத் தலைவர் கருவி நேரம் ஒதுக்கித் தந்தவர். அவருக்கு வரைவை அனுப்பி, இரண்டு வாரத்தில் கருத்துச் சொல்லும்படி நெறியாளர் கேட்டார். பதில் வரவில்லை. நேரில் போய் நிபந்தனைகளைக் காட்டியபோது, “சரி, நன்றியில போட்டுக்குங்க” என்றார். சந்தோஷமாகச் சொன்னார் என்று சொல்லமாட்டேன்.

உதவியாளர் விஷயம் எதிர்த்திசை. அமிலக் கரைப்பு முறையை அந்தக் கலன்களுக்கு ஏற்ப மாற்றியமைத்தவரே அவர்தான் என்பது பேச்சில் வெளிவந்தது. முதல் நிபந்தனை நிறைவேறிவிட்டது. மற்ற மூன்றுக்கு? அவருக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். படிக்காமல் ஒப்புதல் கையெழுத்து வாங்குவது சரியில்லை.

சனிக்கிழமை வாசிப்பு

மே மாதம் ஒரு சனிக்கிழமை, அல்சூரில் நெறியாளர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். மாணவி ஒவ்வொரு பத்தியையும் தமிழில் சொல்ல, உதவியாளர் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார். மூன்றரை மணி நேரம், இரண்டு காபி.

“மாதிரிகள் 105 டிகிரியில் உலர்த்தப்பட்டன” என்று மாணவி சொன்னதும் அவர் கையைத் தூக்கினார். “யாரும்மா 105 வச்சது?”

“புத்தகத்துல அப்படித்தானே அண்ணா...”

“புத்தகத்துல இருக்கட்டும். நம்ம ஓவன் 70-க்கு மேல போனதே இல்ல. ரெண்டு நாள் வச்சு, எடை மாறலைன்னா எடுப்பேன்.”

நோட்டில் ஒவ்வொரு தேதிக்கும் 70 என்று இருந்தது. மாணவி செய்முறைப் பகுதியை வேறொரு கட்டுரையைப் பார்த்து எழுதியிருந்தார். அந்தப் பகுதியில்தான், மற்ற கட்டுரைகளோடு ஒத்துப்போகும் வரிகளைச் சிவப்பில் காட்டும் ஒற்றுமை அறிக்கையும் சிவந்து கிடந்தது. யுஜிசியின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை என்பதால் அதுவரை யாரும் அந்தச் சிவப்பைத் திறந்து பார்க்கவில்லை. மொத்தம் 10-க்குள் இருந்தது. ஆனால் அந்தச் சிவப்புக்குள்தான் நடக்காத ஒன்று நடந்ததாக எழுதப்பட்டிருந்தது.

அன்று இன்னும் இரண்டு திருத்தம். கழுவியது குழாய்த் தண்ணீரில் மட்டுமல்ல, கடைசியில் வடிநீரிலும். தண்டு சொப்பில் தண்டையும் சேர்த்துப் பொடித்தார்கள், ஹரிவேயில் இலை மட்டும். இரண்டுமே அமராந்தஸ் பேரினம் என்பதால் வரைவில் இரண்டையும் ஒன்றாகக் கூட்டியிருந்தார்கள். தண்டும் இலையும் ஒரே அளவு உலோகத்தை ஏற்பதில்லை. பிரித்துக் காட்ட வேண்டியதாயிற்று. இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கும் தோன்றவில்லை.

உதவியாளர் மூன்றாம் ஆசிரியரானார். யார் எதைச் செய்தார்கள் என்பதை, ஆசிரியர்களின் பங்களிப்பை வகைப்படுத்தும் ‘கிரெடிட்’ பட்டியலின் 14 பங்குகளிலிருந்து எடுத்துக் கட்டுரையின் முடிவில் எழுதினார்கள்.

அனுப்பிய பிறகு

2025 ஜூனில் முதல் இதழுக்குப் போனது. பதினோராம் நாள் மதிப்பாய்வுக்கே அனுப்பாமல் திருப்பினார்கள்: ஓர் ஊரின் அளவீடு எங்கள் வாசகர்களுக்குப் பொருந்தாது. மாணவி அழுதார். பதினோரு நாளில் ‘இல்லை’ வந்தது நல்லது என்று நான் சொன்னது எடுபடவில்லை.

இரண்டாவது இதழுக்கு ஜூலையில். இம்முறை கடிதத்தில் ‘முதல் ஆய்வு’ வீராப்பு இல்லை. இரண்டு எடை அடிப்படையிலும் அளவுகளைத் தருகிறோம், ஒப்பீடு பச்சை எடையில் மட்டும் என்று இரண்டே வாக்கியம். அக்டோபரில் இரு மதிப்பாய்வாளர்களின் கருத்து வந்தது. ஒருவர், ஈர அளவு எங்கே, ஒவ்வொரு மாதிரிக்கும் தாருங்கள் என்றார். நோட்டைத் தட்டச்சு செய்து இணைப்பாக வைத்தார்கள். மற்றவர், கண்டறியும் எல்லைக்குக் கீழே உள்ளவற்றைப் பூஜ்யமாகப் போட்டுச் சராசரி எடுத்திருப்பதை ஏற்கவில்லை; சராசரியை நீக்கிவிட்டு இடைநிலையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு), எல்லைக்குக் கீழே எத்தனை என்ற எண்ணிக்கையும் கொடுத்தார்கள். நான் அதைத் தவறவிட்டிருந்தேன். சான்றளித்த பொடியை அளந்த விவரமும் கேட்டார். அளந்திருந்தார்கள், கருவியின் பதிவில் மட்டும் கிடந்தது.

டிசம்பரில் ஏற்பு. உதவித்தொகை அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. இடைப்பட்ட இரண்டு மாதம் மாணவி ஜெயநகரில் டியூஷன் எடுத்துச் சமாளித்தார். நன்றியுரையில் துறைத் தலைவர் பெயருக்கு அடுத்து என் பெயர் இருக்கிறது.

மறுபடி செய்தால்

வரைவு எழுதிய பிறகு என்னை அழைத்ததே தாமதம். மாநாட்டுச் சுருக்கத்துக்கு முன்பே அட்டவணை வேறொருவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். ஒப்பிடப்போகும் வரம்பு எந்த எடையில் சொல்லப்படுகிறது என்பதை மாதிரி வாங்கும் முன்பே பார்த்திருந்தால் அந்த ஆறு மாதிரிகளும் கைவிட்டுப் போயிருக்காது. செய்முறைப் பகுதியை ஆய்வு நடக்கும்போதே, நோட்டை வைத்துக்கொண்டு எழுதுவது என்று அந்த ஆய்வகத்தில் இப்போது வைத்திருக்கிறார்கள். நோட்டு தமிழில் இருக்கலாம். வாரம் ஒருமுறை படம் எடுத்துப் பொதுக் கோப்பில் போடவேண்டும்.

தமிழ் வாசிப்பை ஏப்ரலிலேயே வைத்திருக்கலாம் என்று நெறியாளர் சொல்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. எடைக் கணக்குப் பிழை வெளிவந்திருக்காவிட்டால் அந்த நோட்டையே யாரும் கேட்டிருக்கமாட்டோம்.

மாநாட்டுச் சுருக்கம் திருத்தப்படவில்லை. அமைப்பாளர்களுக்கு நெறியாளர் இரண்டு முறை எழுதினார். மலர் அச்சாகிவிட்டது என்று ஒரு பதில் வந்தது, அதோடு சரி. புதிய கட்டுரையின் செய்முறைப் பகுதியில் பழைய ஒப்பீடு தவறு என்று ஒரு வாக்கியம் சேர்த்திருக்கிறார்கள். ஏரியின் பெயரைப் போட்டு இணையத்தில் தேடினால், இன்றும் முதலில் வருவது அந்தப் பழைய தலைப்புதான்.